தலை கழற்றிய கார்

உரும்பிராய்
03.06.2024

அன்புள்ள மகள் தக்சாயினிக்கு,

நேற்று நெல்லியடிச் சந்தியில் காரை விட்டு இறங்கும்போது, "இனி உங்களோடை நான் கதைக்கமாட்டன்" என்று சொன்னாய். வாசிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டைக்குள்ளால்தான் இந்தக் கடிதம் வருகிறது. கோப்பாயில் வேலை முடிந்து இந்தப் பக்கம் வந்துபோகிற உன் புருஷன் கோகுலனிடம் கொடுத்துவிடுகிறேன். மருமகன் தபால் வேலைக்குச் சம்மதித்துவிட்டார். முகம்தான் இன்னும் சம்மதிக்கவில்லை.

தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில்தான் என்று உன்னைக் கூட்டிக்கொண்டு வரப் பருத்தித்துறைக்கு வந்தேன். உன் பைகளை எல்லாம் டிக்கியில் ஏற்றினேன். பாதி வழியில் ஏழு மாத வயிற்றோடு நீ இறங்கித் திரும்பவும் பருத்தித்துறை பஸ் ஏறினாய். உன் பைகள் மட்டும் என்னோடு உரும்பிராய்க்கு வந்து சேர்ந்தன. அம்மா வாசலில் ஆலாத்தியோடு நின்றாள். பைகளுக்கு ஆலாத்தி எடுப்பதா என்று கேட்டேன். அதற்கு அவள் தந்த பதிலை எழுத எனக்குப் படிப்பு காணாது.

இவ்வளவும் எதற்கு? சந்தைக்கு முன்னால் ஆடு குறுக்கே ஓடியது, நான் பிரேக் அடித்தேன், பின்னால் வந்த வான் எங்களில் முட்டாமல் மயிரிழையில் நின்றது. முட்டவில்லைத்தானே? நீ திரும்பிப் பார்த்து, "அப்பா, சீற்றின்ரை தலை எங்கை?" என்றாய். "கழுத்தெண்டு இருந்தால் கொஞ்சம் ஆடத்தானே வேணும்" என்று நான் சும்மா ஒரு பகிடி விட்டேன். பகிடிக்கு இவ்வளவு விலையா, பிள்ளை?

உன் பைகளைத் திறக்காமல் வைத்திருக்கும்,
அப்பா


பருத்தித்துறை
05.06.2024

அப்பாவுக்கு,

பகிடிக்காக நான் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கழுத்துக்குக் கொலர் போட்டுக்கொண்டு என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களை நீங்கள் பார்த்ததில்லை. அவர்களில் பலருடைய வாகனத்தில் பெரிய சேதம் எதுவும் இல்லை. பின்னால் ஒரு சின்னத் தட்டு, அவ்வளவுதான். தலை பின்னால் போய்த் திரும்பி வருகிறது. தாங்க அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் கழுத்துத்தான் தாங்க வேண்டும். உங்கள் காரின் முன் சீற் இரண்டுக்கும் மேலே, பின்மண்டையைத் தாங்குகிற அந்தத் தலை இல்லை. அதோடு பெல்ற்றை என் வயிற்றுக்கு மேலால் இழுத்துப் பூட்டினீர்கள், வெங்காய மூடையைக் கட்டுகிற மாதிரி.

நான் தனி ஆள் என்றால் பேசாமல் வந்திருப்பேன். இப்போது தனி ஆள் இல்லை.

மாமி சொல்கிறா, "ஆஸ்பத்திரி பக்கத்திலைதானே, இஞ்சையே பெறட்டும்" என்று. நான் இன்னும் ஓம் சொல்லவில்லை. சொல்ல வைக்காதீர்கள்.

தக்சாயினி


உரும்பிராய்
09.06.2024

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மா எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டாள் போல.

தலை இல்லாத கதையை நீ கேட்கவே இல்லை, அதனால் நானே சொல்கிறேன். இது கல்யாண வீட்டுக் கார் என்பது உனக்குத் தெரியும். வீடியோக்காரர் சூசைதாசன் முன் கண்ணாடிக்குக் கீழே கமராவைப் பூட்டி, பின்னால் இருக்கிற மாப்பிள்ளை பொம்பிளையை எடுப்பார். முன் சீற்றின் தலைகள் படத்தை மறைக்குமாம். "அண்ணை, உதுகளைக் கழட்டுங்கோ" என்றார். கழற்றினேன். பிறகு, "அண்ணை, உங்கடை தலையும் படத்துக்கை வருது" என்றார். அதைக் கழற்ற முடியாது. ஆகவே சீற்றைப் பின்னால் சரித்து, படுத்தபடி ஓடப் பழகினேன். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கழற்றிப் பூட்டுவது கரைச்சல் என்று அப்படியே விட்டாயிற்று.

இப்போது தேடினேன். ஒரு தலை வெங்காயம் வைக்கிற அறையில் கிடந்தது. மற்றதை அம்மா தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்து ஊசி குத்துகிறாள். "இது எங்கை கிடைச்சது?" என்று கேட்டேன். "நீங்கள்தானே குசினிக்கை கொண்டந்து எறிஞ்சனீங்கள்" என்றாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

இரண்டையும் பூட்டிவிட்டேன். ஊசிகள் எல்லாவற்றையும் எடுத்ததாக அம்மா சொன்னாள். இரண்டு மிச்சம் இருந்ததை என் பிடரி கண்டுபிடித்தது. மற்ற சீற்றில் இருந்தால் வெங்காயக் கறி வைத்த வீட்டில் இருப்பதுபோல இருக்கிறது. வேறு குறை இல்லை.

இனி வரலாமா?

அப்பா


பருத்தித்துறை
12.06.2024

அப்பாவுக்கு,

பூட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த உயரத்தில் என்று எழுதவில்லை. பிடரியில் ஊசி குத்தியது என்றால் அது மிகவும் கீழே இருக்கிறது. பிடரியில் முட்டுகிற உயரத்தில் இருந்தால் அது தலையைத் தாங்காது. கழுத்து அதன் மேலால் பின்னுக்கு மடியும்.

எழுத்தில் எதையும் நம்ப முடியவில்லை. நீங்கள் ஓடுகிற மாதிரி சீற்றில் இருந்து, பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று இரவு நித்திரை வராமல் எங்கள் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனது நீங்கள்தான். காரை ஓடியது நீங்கள்தான். ஆனால் அந்தக் காட்சியில் நீங்கள் இல்லை. ஓரத்தில் உங்கள் மயிர் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. நான் என்னவோ ஆளில்லாத காரில் போய்க் கல்யாணம் கட்டினவள் மாதிரி இருக்கிறேன். அப்போது கவனிக்கவில்லை.

தக்சாயினி


உரும்பிராய்
19.06.2024

அன்புள்ள மகளுக்கு,

படம் இதனுள் இருக்கிறது. மடிக்காமல் அனுப்பச் சொல்லி மருமகனின் சேட்டுப் பையில் வைத்தேன். அவர் அதை மடித்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

என் போன் கதைக்க மட்டும்தான் உதவும், அதுவும் எப்போதாவது. ஆகவே சூசைதாசனைக் கூப்பிட்டேன். அவர் கல்யாணத்துக்கு வருவதுபோல லைற், குடை எல்லாம் கொண்டுவந்து முற்றத்தில் விரித்துவிட்டார். ஒழுங்கையால் போன சனம் நின்று பார்த்தது.

"அண்ணை, நாடியைத் தூக்குங்கோ. சிரியுங்கோ. அக்காவையும் பக்கத்திலை இருத்துவமோ? அறுபதாம் கலியாணப் படம் மாதிரி வரும்."

"தம்பி, இது மகள் கேட்ட படம். நான் எப்பிடி இருக்கிறன் எண்டு அவ பாக்க வேணுமாம்."

"அப்ப இன்னும் கொஞ்சம் சிரியுங்கோ. நல்லா இருக்கிறியள் எண்டு நினைக்கட்டும்."

இதனால்தான் படத்தில் என் பல் இவ்வளவு தெரிகிறது. கல்யாண வீடியோக் கதையை அவரிடமும் சொன்னேன். ஆள் லைற்றை நிப்பாட்டினார். பிறகு குடையை மடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கும் அதைப் பற்றி எழுத ஒன்றும் வரவில்லை. ஓ.எல். சோதனையில் தமிழும் சமயமும் மட்டும் பாஸ் பண்ணினவன் நான். தமிழும் இந்த இடத்தில் கைவிட்டுவிட்டது.

அப்பா


பருத்தித்துறை
22.06.2024

அன்பின் அப்பாவுக்கு,

படத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் வயிற்றுக்குள் இருக்கிற ஆள் ஒரு உதை விட்டது. மாமி குசினியில் இருந்து ஓடி வந்தா. ஓட்டுக்குள் இருந்து எட்டிப் பார்க்கிற ஆமை மாதிரி இருக்கிறீர்கள். முதுகு படுத்திருக்கிறது, தலை மட்டும் றோட்டைப் பார்க்க எழும்பி நிற்கிறது. கை இரண்டும் ஸ்ரேறிங்கை எட்டிப் பிடிக்கிறது, மாங்காய்க்கு எட்டுகிற மாதிரி. இப்படியே எத்தனை வருஷம் ஓடினீர்கள், அப்பா?

படத்தின் மேல் பேனையால் கோடு கீறித் திருப்பி அனுப்புகிறேன். கோட்டுக்கு உடம்பைக் கொண்டுவர வேண்டும். முதலில் இடுப்பைச் சீற்றின் மூலை வரை தள்ளி இருங்கள். பிரேக்கை அடிவரை மிதியுங்கள். அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீற்றை முன்னால் இழுங்கள். பிறகு சரிவை நிமிர்த்துங்கள். தோள் சீற்றை விட்டு எழும்பாமல், நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்ரேறிங்கின் மேல் விளிம்பில் படவேண்டும். சீற்றின் தலையைக் கடைசியாகத் தூக்குங்கள். அதன் மேல் விளிம்பும் உங்கள் உச்சியும் ஒரே மட்டம். பின்மண்டைக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போனால் போதும். அம்மாவைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே பார்த்தால் சரி என்றுதான் சொல்வீர்கள்.

என் பெல்ற்றின் கீழ்ப்பட்டி வயிற்றுக்குக் கீழே, இடுப்பு எலும்பில் போகவேண்டும். அதை நானே பூட்டுவேன்.

இன்னொன்று. படத்தில் இடது கையை மட்டும் ஏன் அப்படிப் பிடித்திருக்கிறீர்கள்? விரல்கள் ஸ்ரேறிங்கை மூடவில்லை. சும்மா மேலே வைத்த மாதிரி இருக்கிறது.

தக்சா


உரும்பிராய்
27.06.2024

மகளுக்கு,

நீ சொன்ன மாதிரிச் சீற் எல்லாம் சரிபண்ணியாயிற்று. ஆனால் யோசித்துப் பார்த்தேன். உன்னைக் கூட்டிவர வேறு ஒரு வாடகைக் காரை ஹயர் பிடிப்பதுதான் நல்லது. புதுக் காராக இருந்தால் குலுக்கமும் இருக்காது. மருமகன் உன்னோடு வரட்டும். ஹயரை நானே ஒழுங்கு பண்ணுகிறேன்.

கை ஒன்றும் இல்லை. படம் எடுக்கும்போது அப்படி வைத்தது.

அப்பா


பருத்தித்துறை
29.06.2024

அப்பாவுக்கு,

இவ்வளவு சின்னக் கடிதம். அதில் ஒரு பகிடி இல்லை. இதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

முதலில் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தலை பூட்டு, படம் அனுப்பு, உயர்த்து, நிமிர்த்து என்று நான் ஆட்டிவைத்ததில் சலித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். இங்கே மாமி கேட்கிறா, "கொப்பர் எப்ப வாறாராம்? ஆடி பிறந்திட்டால் நான் விடமாட்டன்" என்று. அப்பா வருவார், அவர்தான் வருவார் என்று நான் வீம்பாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். இப்போது என்ன சொல்ல? அப்பா ஹயர் அனுப்புகிறார் என்றா?

பிறகு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "கொப்பர் ரெண்டு கிழமையாய்க் கையிலை எண்ணெய் தேய்க்கிறார். கேட்டால் நுளம்பு கடிச்சதுக்காம்" என்கிறா. நீங்கள் கல்யாண ஹயர் ஒன்றையும் வேண்டாம் என்று விட்டீர்களாம்.

என்ன என்று எழுதுங்கள். பகிடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தக்சா


உரும்பிராய்
02.07.2024

அன்புள்ள தக்சாவுக்கு,

இதை அம்மாவுக்குச் சொல்லாதே. சொன்னால் அவள் நல்லூர், மாவிட்டபுரம் என்று கோயில் எல்லாவற்றுக்கும் நேர்த்தி வைத்துவிடுவாள். நிறைவேற்றுவதற்கு நான் உயிரோடு இருந்தாக வேண்டும்.

இடது கை விறைக்கிறது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். கியர் போடும்போது விரல்கள் என்னுடையவை இல்லாத மாதிரி இருக்கும். நீ நெல்லியடியில் இறங்கின அன்று, வல்லை வெளியில் வரும்போது தோளில் இருந்து சின்ன விரல் வரை விறைத்துப் போனது. கரையில் நிறுத்திவிட்டு இருந்தேன். காற்றுக் காரை ஆட்டியது. டிக்கியில் உன் பைகள். உண்மையைச் சொன்னால், நீ இறங்கிப் போனது நல்லது என்று அப்போது நினைத்தேன்.

என் அண்ணைக்கும் இடது கையில்தான் தொடங்கியது. அது உனக்குத் தெரியும். பிறகு நெஞ்சு. நீ அப்போது ஐந்தாம் வகுப்பு.

நீ கேட்டதெல்லாம் ஏன் மறுபேச்சு இல்லாமல் செய்தேன் என்று யோசித்தாயா? வாயாடி அப்பா ஏன் இவ்வளவு சொல்வழி கேட்கிறார் என்று? உன்னைக் கூட்டிவர எனக்கு அவ்வளவு ஆசை. சீற்றை எல்லாம் சரிபண்ணி, அம்மாவை நிறுத்தி மட்டம் பார்த்து, எல்லாம் முடிந்த பிறகு ஸ்ரேறிங்கில் கை வைத்துப் பார்த்தேன். காரில் பிழை ஒன்றும் மிச்சம் இல்லை. ஓடுகிற ஆளில்தான் பிழை. அதை எந்தக் கோடு கீறித் திருத்துவது?

ஓடும்போது எனக்கு ஒன்று நடந்தால் என்னோடு போகட்டும். நீயும் வயிற்றில் இருக்கிற ஆளும் அந்தக் காரில் இருக்கக்கூடாது. அதனால்தான் ஹயர்.

அப்பா


பருத்தித்துறை
03.07.2024

அப்பா,

நாளைக் காலையில் இவர் உங்களைக் கூட்டிக்கொண்டு வருவார். பஸ்ஸில். காரைத் தொடக்கூடாது. இதற்கு நடுவில் நெஞ்சு நொந்தாலோ, மூச்சு வாங்கினாலோ விடியும் வரை பார்த்துக்கொண்டு இருக்காமல் அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள். மாவிட்டபுரத்தோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன்.

தக்சா


உரும்பிராய்
12.07.2024

அன்புள்ள மகள் தக்சாயினிக்கு,

வாசலில் நீ நின்றாய், நாங்கள் கதைத்தோம், ஆகவே உன் சபதம் முறிந்துவிட்டது. இனிப் போன் எடுக்கலாம். ஆனால் எழுதிப் பழகிவிட்டேன், கையை நிறுத்த முடியவில்லை. ஓம், அதே இடது கையால்தான் இந்தத் தாளை அழுத்திப் பிடித்திருக்கிறேன்.

நெஞ்சில் வயர்களை ஒட்டினபோது என் முகத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். திரைக்கு வெளியே நின்றாய். கூரை விசிறியை எண்ணிக்கொண்டு கிடந்தேன். ஒரு விசிறிதான், அதையே திரும்பத் திரும்ப எண்ணினேன். டொக்டர் கடதாசியைப் பார்த்து, "இதயத்திலை ஒரு பிழையும் இல்லை ஐயா. கழுத்தாலை வாற நரம்பு நெரிபடுது போலை" என்றதும், "அப்ப கார் ஓடலாமோ?" என்றுதான் முதலில் கேட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். பிறகு நீ என் கழுத்தை அப்படித் திருப்பி இப்படிச் சாய்த்து ஓரிடத்தில் அழுத்தினாய். அதே விறைப்பு சின்ன விரல் வரை ஓடியது. நோவு வந்ததற்கு ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் கேள்விப்பட்டதில்லை. ஆமை மாதிரிக் கழுத்தை நீட்டிக்கொண்டு இவ்வளவு வருஷம் ஓடினதுதான் சீவனை எடுத்திருக்கிறது. அண்ணையின் நெஞ்சு வருத்தம் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது வல்லை வெளியில் மருமகன் என் கையைப் பிடித்திருந்தார். நானும் விடவில்லை. கடலில் வளர்ந்த பிள்ளை, பிடி சரியான பிடி.

நீ தந்த பயிற்சியைக் காலையும் மாலையும் செய்தேன். சுவருக்கு முதுகைக் கொடுத்து, நாடியை உள்ளே இழுத்து. அம்மா, "ஆருக்கு முறைக்கிறியள்?" என்று கேட்டாள். விறைப்பு ஒவ்வொரு நாளும் மேலே மேலே ஏறி இப்போது தோளில் மட்டும் கொஞ்சம். முந்தநாள் நீ போனில் அம்மாவுக்குச் சொன்னபடி, மருமகன் பக்கத்தில் இருக்கப் புத்தூர் வரை ஓடினேன். நேற்று வல்லை வரை. நிமிர்ந்து இருந்து பார்த்தால் றோட்டு இவ்வளவு அகலமா? இந்தக் காரின் முன்பக்கத்தை நான் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். விரல் பத்தும் என்னுடையவையாகவே இருந்தன.

சூசைதாசன் வந்தார். ஆவணியில் ஒரு கல்யாணமாம். "தம்பி, இனிச் சீற்றின்ரை தலையும் கழறாது, என்ரை தலையும் சரியாது" என்றேன். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். "சரி அண்ணை, வாசலிலை இறங்கேக்கை எடுக்கிறன்" என்றார். பிறகு, "தலைக்கு டை அடியுங்கோ, பின்னாலை இருக்கிற பொம்பிளைக்கு நீங்கள் தாத்தா மாதிரித் தெரியக்கூடாது" என்றார். தாத்தா மாதிரி என்ன, தாத்தாதான் என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஆடி பிறக்க முன்னம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மருமகனும் வருவதால் நீ பின்சீற்றில் இருக்கப்போகிறாயா, முன்னுக்கா என்று அம்மா கேட்கிறாள்.

அப்பா


பருத்தித்துறை
13.07.2024

அன்பின் அப்பாவுக்கு,

முன்னுக்கு. உங்களுக்குப் பக்கத்தில். சீற்றை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள், வயிற்றுக்கு இடம் வேண்டும். மாமி மீன் பொரித்துத் தருகிறாவாம், வெங்காய மணத்துக்கு அது மருந்து என்கிறா.

வேகமாக வராதீர்கள். நெல்லியடியில் ஆடு இருக்கும்.

தக்சா


ஆஸ்பத்திரி வாசல், யாழ்ப்பாணம்
11.08.2024

அன்புள்ள மகளுக்கு,

ஆம்பிளைகளை இந்த நேரம் வார்டுக்குள் விட மாட்டார்களாம். மருமகனை மட்டும் விட்டார்கள், அவர் தகப்பனாம். நான் தகப்பனுக்கு மாமன் என்று சொல்லிப் பார்த்தேன். வாசலில் காவல் நிற்கிற பிள்ளை சிரித்துவிட்டு, "வெளியிலை இருங்கோ ஐயா" என்றது. ஆகவே மரநிழலில் காரை விட்டு, உள்ளே இருந்தபடி எழுதுகிறேன். அம்மா பிள்ளை பெற்றவளுக்கென்று அவித்த சரக்குத் தண்ணி கொண்டு உள்ளே வருகிறாள், இதையும் அவளே தருவாள். சுடச்சுடக் குடி.

பெட்டைக் குஞ்சாம், கறுத்த மயிராம், அழுதால் சந்தி வரை கேட்குமாம். மருமகன் காரடிக்கு வந்து இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என்னைக் கட்டிப் பிடித்தார். நான் சீற் பெல்ற்றைக் கழற்ற மறந்துவிட்டேன். பாதி உடம்பைத்தான் கட்டிப் பிடிக்க முடிந்தது.

அன்றைக்கு உன்னைக் கூட்டிவந்தபோது உனக்குச் சொல்லாத ஒன்று. வல்லை வெளியில் நீ ஏதோ கதைத்துக்கொண்டே வந்தாய், பாதியில் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். நித்திரை. தலை அப்படியே சீற்றின் தலையில் சாய்ந்து கிடந்தது, கழுத்து ஆடவில்லை. அதுக்குப் பிறகு நான் வந்த வேகத்தைப் பார்த்துச் சைக்கிள்காரர் எல்லாம் என்னை முந்திப் போனார்கள். மருமகன் பின்னால் இருந்து, "மாமா, பிள்ளை பிறக்கிறதுக்குள்ளை போயிடுவமோ?" என்று குசுகுசுத்தார்.

இப்போது காரைக் கழுவி, உன் சீற்றை நீ இருந்த இடத்துக்கே தள்ளி வைத்திருக்கிறேன். மருமகன் ஒரு தரம் ஏறி ஓடியதில் என்னுடையது குழம்பிப் போனது, அதையும் திருப்பிச் சரிபண்ணிவிட்டேன். அம்மாவுக்காகப் பின்சீற்றிலும் தலை உயர்த்தியாயிற்று. இனிப் புது ஆளுக்கு மட்டம் பார்ப்பதுதான் பாக்கி. பிறந்த உடனே நேர்ஸ் பிள்ளையை அளந்திருப்பா. நீளம் எவ்வளவு என்று கேட்டு, அம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிடு.

அப்பா